சங்கு ஊதாத நாற்பது நாள்

எம். புதுப்பட்டி பாண்டிச்செல்வி ஜெயித்தவை: புருஷன் செத்த பிறகு மாமியார் வீட்டிலிருந்து ஒரு தையல் மிஷின். ஆறு மாத மாத்திரையில் காசநோய். எச்.ஐ.வி. என்று தெரிந்து தனித் தம்ளர் நீட்டிய டீக்கடையில், எல்லோருக்கும் உள்ள தம்ளர். முப்பத்தேழு கிலோவிலிருந்து ஐம்பத்திரண்டு கிலோ. தனக்கு மருந்து கொடுத்த விருதுநகர் மையத்திலேயே களப்பணியாளர் வேலை. கடைசியாக, அங்கே சனிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு நாற்காலி. அதுதான் ரொம்பக் கஷ்டப்பட்டு ஜெயித்தது.

கூட்டத்துக்கு மேஜை ஒன்று, நாற்காலி நான்கு. டாக்டர் கனகசபாபதி, ரத்தம் பார்க்கும் சண்முகவேல், மருந்து கொடுக்கும் உபைதுல்லா, ஆலோசகர் நாதியா. பாண்டிச்செல்வி ஃபைல்களோடு சுவரோரம் நிற்பாள்.

அன்றைக்கு விஸ்வநத்தம் சங்கிலிமுத்துவின் ஃபைல். வெள்ளணு பாதியாகக் குறைந்திருந்தது. மருந்து வேலை செய்யவில்லை, சென்னைக்கு அனுப்பி மாற்ற வேண்டும் என்றார் டாக்டர். அதுவும் பிடிக்காவிட்டால் வேறு மருந்து கிடையாது. அவனோ வெளியே வராண்டாவில் உட்கார்ந்திருந்தான்.

"என் மிஷின்ல தப்பில்ல" என்றார் சண்முகவேல்.

"எங்கிட்டயும் தப்பில்ல. ஒரு மாத்திரை மிச்சமில்லாம காலி டப்பாவ நீட்டுறான்" என்றார் உபைதுல்லா.

"நான் சொன்னபடிதான் சாப்பிடுறார். பட்டாசுக் கம்பெனி சங்கு காலை எட்டுக்கு ஊதினா ஒண்ணு, ராத்திரி எட்டுக்கு ஊதினா ஒண்ணு" என்றாள் நாதியா.

சுவரோரம் இருந்து குரல் வந்தது. "நாதியாம்மா, சங்குதான் ஊதலையே."

நான்கு பேரும் திரும்பினார்கள்.

"தீபாவளியோட கம்பெனியப் பூட்டுனாக. இன்னைக்கு நாப்பதாவது நாள். இன்னும் திறக்கல."

டாக்டர் பேனாவை மூடினார். பாண்டிச்செல்வி சங்கிலிமுத்துவை உள்ளே கூட்டி வந்தாள்.

"ஏலே, சங்கு ஊதாட்டி மாத்திரைய என்ன செய்வ?"

"எப்படிக்கா போடுறது? ஊதலையே."

"ஞாயித்துக்கிழமை?"

"அன்னைக்கு மருந்துக்கும் லீவுன்னு நெனச்சேன்."

"அப்ப மிச்சம் எங்கலே?"

"பவுடர் டப்பாவுல இருக்கு. மிச்சத்தக் காட்டுனா உபைதுல்லா அண்ணன் சங்கடப்படுவாகளேன்னு..."

உபைதுல்லா அப்போதுதான் சங்கடப்பட்டார்.

"சரி. ஒங்க வீட்டுல காலையும் ராத்திரியும் எட்டு மணிக்கு, ஒரு நாள் தவறாம என்னலே நடக்கும்?"

சங்கிலிமுத்து நன்றாக யோசித்தான். "எங்க ஆத்தா என்னைய வையும்."

"தீபாவளிக்கு?"

"அன்னைக்கு ரெண்டு மடங்கு."

சென்னைப் பயணம் நின்றது. மூன்று மாதம் ஒழுங்காகச் சாப்பிட்ட பிறகு மறுபடி ரத்தம் பார்ப்பது என்று முடிவானது. நாதியா ஒரு அலாரம் கடிகாரமும் கொடுத்தாள். அது கெட்டுப்போனாலும் ஆத்தா இருக்கிறாள். டாக்டர் எழுந்து பக்கத்து அறையிலிருந்து ஒரு நாற்காலியைத் தானே தூக்கி வந்து போட்டார். கை ஒன்று ஆடும் நாற்காலி.

"கூட்டத்துல பேசினவங்க எல்லாரும் நோட்டுல கையெழுத்துப் போடணும். உட்காருங்கம்மா."

பழக்கதோஷத்தில் நாதியா கைநாட்டு மைப்பெட்டியைத் தள்ளினாள். பாண்டிச்செல்வி அதைத் திருப்பித் தள்ளினாள். சிவகாசியில் காலண்டர் பைண்டிங் வேலை பார்க்கும் அண்ணன் கோட்டைச்சாமி வீட்டுக்குக் கொண்டுவந்த கழிவுத் தாள்களின் பின்பக்கமெல்லாம் அவள் எழுதிப் பழகிய பெயர்தான். ஆனால் அதையெல்லாம் கையெழுத்து என்று சொல்ல முடியாது. யாரும் கேட்டு எழுதியதில்லை. இப்போது கேட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டு, நான்கு பேரையும் காக்க வைத்து, ஏழு எழுத்தையும் புள்ளி தவறாமல் எழுதினாள். பக்கத்தில் தேதியையும் அவளே போட்டாள்: 6.12.2008.