கணவரின் குரல் மாறிய நாள்

பள்ளிக்கூடம் முடித்த வருடம் வந்த காய்ச்சல் என் இரண்டு காதுகளையும் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கலியாணம் நடந்தது. ஆகவே என் கணவரின் உதடுகளைத்தான் எனக்குத் தெரியும், குரலைத் தெரியாது. எனக்கு விளங்கவேண்டும் என்பதற்காக அவர் சின்னச் சின்னச் சொற்களாகவே பேசுவார்.

கொழும்பில் சத்திரசிகிச்சை செய்து காதுக்குள், கேட்கவைக்கும் கொக்லியர் கருவி வைத்தார்கள். புண் ஆறியபின் அதை இயக்கினார்கள். அங்கிருந்த பெண் நிபுணர் கணினியிலிருந்து ஒலிகளை அனுப்பி, கேட்கத் தொடங்கியதும் கையை உயர்த்தச் சொன்னார். காது நரம்புக்கு ஒலியைக் கொடுக்க உள்ளே இருக்கும் மின்முனைகளில் சிலவற்றை மட்டும் அப்படி அளந்தார். மிச்சத்தைக் கணினியே கணித்து நிரப்பியது. பிறகு கணவரைப் பேசச் சொன்னார்.

"இஞ்சாரும், கேக்குதோ?"

தகரப் பீப்பாவுக்குள் இருந்து ஒரு வாத்து கத்துவதுபோல் இருந்தது. ஆனாலும் கேட்டதே! "ஓம், கேக்குது" என்று அழுதேன். இவ்வளவு உயரமான மனிதருக்கு இப்படியொரு குரலா என்பதை மட்டும் வெளியே சொல்லவில்லை.

மாதங்கள் போயும் வாத்து போகவில்லை. குசினியில் பாத்திரம் விழுந்தால் என் கன்னம் வேறு துடித்தது. எங்கள் ஊர் முள்ளியவளையிலிருந்து கொழும்பு தூரம் என்பதால், அடுத்த தடவை யாழ்ப்பாணத்தில் ஒரு சிகிச்சை நிலையத்துக்குப் போனோம்.

அங்கே முறையே வேறு. சத்தம் மெல்லியதா, அளவானதா, கூடுதலா என்று ஒரு படத்தில் விரலை வைத்துக் காட்டச் சொன்னார் அங்கிருந்த இளம் நிபுணர். ஒரு மின்முனையையும் விடவில்லை. பக்கத்துப் பக்கத்து இரண்டை ஒலிக்கவிட்டு, "அக்கா, இரண்டும் ஒரே அளவோ?" என்று கேட்டுக் கேட்டுச் சரிசெய்தார். கன்னத்தைத் துடிக்கவைத்த ஒன்றைக் கண்டுபிடித்து நிறுத்தினார்.

"அப்ப கொழும்பிலை செய்தது பிழையோ, தம்பி?"

"இல்லையக்கா. முதல்நாள் உங்களுக்குச் சத்தமே புதுசு. அதாலை அவையள் சுருக்கமாச் செய்து, பயப்படாத அளவிலை வைச்சிருக்கினம். இப்ப உங்களுக்கு வித்தியாசம் சொல்லத் தெரியுது. அதுதான் ஒவ்வொண்டாப் பாக்கிறன்."

பிறகு என் கணவரைப் பார்த்து, "அண்ணை, கதையுங்கோ" என்றார்.

"என்னத்தைக் கதைக்கிறது?"

கனத்த, கொஞ்சம் கரகரத்த குரல். அறைக்குள் வேறு யாரோ வந்துவிட்டார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன். யாருமில்லை.

"திருப்பிச் சொல்லுங்கோ."

"எதை?"

"எதையெண்டாலும்!"

அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, "நெல்லு... பசளை... மாடு..." என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அப்போதுதான் வாத்துக் கதையைச் சொன்னேன்.

"இவ்வளவு நாளும் வாத்தோடையோ குடும்பம் நடத்தினனீர்?" என்று அவர் கேட்க, அந்தத் தம்பி கதிரையில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தார்.

திரும்பி வரும் பஸ்ஸில் என் கணவருக்கு யன்னலோர இருக்கை. ஆனையிறவில் பேசத் தொடங்கியவர் பரந்தனிலும் நிறுத்தவில்லை. வெளியே பார்த்தபடியே, வாய்க்கால் சண்டையிலிருந்து தன் பள்ளிக்கூடக் குழப்படிவரை சொல்லிக்கொண்டு வந்தார். பஸ் இரைச்சலில் பாதி எனக்குப் பிடிபடவேயில்லை. இவ்வளவு கதைகாரரையா கட்டியிருக்கிறேன் என்று ஆச்சரியமாக இருந்தது.

புதுக்குடியிருப்பு தாண்டியதும், "கொஞ்சம் சும்மா இருங்கோவன். காது களைச்சுப்போச்சு" என்றேன்.

"ஏலாது" என்றுவிட்டு, அடுத்த கதையைத் தொடங்கினார்.