மாற்று கோல்கீப்பராக ஏழு சீசன்

1. சேர்ந்த நாள்

சென்னையில் ஒரு கால்பந்து கிளப்பின் மைதானத்தில் போய் நின்றபோது எனக்கு இருபது வயது. சொந்த ஊர் ஆரல்வாய்மொழி. எங்கள் ஊர்க் காற்றில் உயரமாக வரும் பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று அடித்தவனுக்கே தெரியாது. அதைப் பிடித்துப் பழகியவன் என்பதால் ட்ரயலில் ஒரு பந்தையும் விடவில்லை. கோல்கீப்பிங் கோச் என்னைச் சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தார்.

"கை அருமையா இருக்குப்பா. உயரந்தான் ரெண்டு இன்ச் பத்தல. ரெண்டாவது கீப்பரா எடுத்துக்கறேன், சம்மதமா?"

சம்மதம் என்றேன். யோசிக்கவே இல்லை.

முதல் கீப்பர் ஜோஸ் அண்ணன், எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக் குளச்சல்காரர். என்னைவிட நான்கு வயது மூத்தவர், ஆறடிக்கு மேல் உயரம். நான் வாயைத் திறந்ததும் கண்டுபிடித்துவிட்டார். "நம்ம ஊரு பயலா? அப்போ எனக்க ரூமுக்கு வா மக்கா" என்று என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். ஏழு வருடமும் ஒரே அறையில்தான் இருந்தோம்.

2. பெஞ்ச்

மாற்று கீப்பரின் வேலை என்னவென்று பலருக்குத் தெரியாது. மேட்ச்சுக்கு முன் முதல் கீப்பருக்குப் பந்து அடித்துக் கொடுத்து அவர் உடம்பைச் சூடேற்ற வேண்டும். பிறகு பெஞ்சில் உட்கார வேண்டும். மற்ற மாற்று ஆட்டக்காரர்களுக்குக் கடைசிப் பத்து நிமிடமாவது கிடைக்கும். கீப்பரை யாரும் சும்மா மாற்ற மாட்டார்கள். அடிபட வேண்டும், அல்லது ரெட் கார்டு வாங்க வேண்டும்.

நான் பிராக்டிஸுக்கு எல்லோருக்கும் முன்னால் போய்விடுவேன். இடப்பக்கம் ஐம்பது டைவ், வலப்பக்கம் ஐம்பது. என் விரல்களில் இரண்டு இன்றும் நேராக நீளாது. ஒவ்வொரு சீசன் முடிவிலும் கோச், "உன்ன மாதிரி உழைக்கறவன் இந்த டீம்லயே இல்லப்பா" என்பார். காண்ட்ராக்டை இன்னொரு வருடம் நீட்டுவார். நானும் கையெழுத்துப் போடுவேன்.

ஊரில் அப்பா டீக்கடை வைத்திருந்தார். எங்கள் மேட்ச்சை எல்லாம் போனில் பார்ப்பார். முடிந்ததும் கூப்பிடுவார்.

"இண்ணைக்கு எறங்குனியாலே?"

"இல்லப்பா."

"உனக்க தலை தெரிஞ்சுது. தண்ணி குடிச்சிட்டிருந்த."

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஜோஸ் அண்ணன் விழுந்து, எழுந்திருக்கச் சற்றுத் தாமதமானால் என் கை தானாக ஜாக்கெட்டின் ஜிப்பை இறக்கும். அவர் எழுந்துவிடுவார். ஜிப்பை மறுபடி ஏற்றிக்கொள்வேன். எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்கிற மனிதர் அவர்.

3. வந்த அழைப்பு

மூன்றாவது சீசனில் கேரளத்துச் சிறிய கிளப் ஒன்று கூப்பிட்டது. எல்லா மேட்ச்சிலும் நான்தான் கீப்பர் என்றார்கள். ஜோஸ் அண்ணனிடம் சொன்னேன்.

"போயிரு மக்கா. நான் இருக்கது வரைக்கும் இங்க உனக்கு வழியில்ல, கேட்டியா. இத நான் சொல்லப்படாது. ஆனாலும் சொல்லுதேன்."

தன் இடத்துக்குப் பயந்து சொல்கிறார் என்று நினைத்தேன். எங்கள் கிளப்பின் பெயரைச் சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்தச் சிறிய கிளப்பை யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரு வருடம் உழைத்தால் இங்கேயே இறங்கிவிடலாம் என்றும் நம்பினேன். வரவில்லை என்று சொல்லிவிட்டேன்.

4. இருபத்தெட்டு நிமிடம்

ஏழாவது சீசன், ஒரு கோப்பைப் போட்டியின் அரையிறுதி. ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஜோஸ் அண்ணன் எதிரணி ஃபார்வர்டோடு மோதித் தோளில் அடிபட்டு விழுந்தார். இந்த முறை எழுந்திருக்கவில்லை. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை.

ஸ்ட்ரெச்சர் என்னைக் கடந்தபோது, "வெளிய வந்து பிடி மக்கா, கோல் லைன்லயே நிக்காத" என்றார்.

மீதி இருபத்தெட்டு நிமிடம். முதல் இரண்டு ஷாட்டைப் பிடித்தேன். பிறகு ஒரு கார்னர். பிராக்டிஸில் கண்ணை மூடிக்கொண்டு பிடிக்கிற பந்து. ஓர் அடி வைத்தேன். முன்னால் ஆட்களின் நெருக்கடி. போவதா நிற்பதா என்று யோசித்தேன். அதற்குள் தலையால் முட்டி உள்ளே போட்டுவிட்டார்கள். முடிய நான்கு நிமிடம் இருக்கும்போது ஓரத்திலிருந்து ஒரு கிராஸ். நிற்கக் கூடாது என்று முன்கூட்டியே ஓடினேன். பந்து விரல் நுனியைத் தாண்டிப் போனது. பின்னால் நின்றவன் காலி கோலில் தட்டிவிட்டான். தோற்றோம்.

யாரும் திட்டவில்லை. கோச் முதுகில் தட்டி, "பரவால்லப்பா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருக்கலாம். அடுத்த வாரமே, மீதியிருந்த லீக் மேட்ச்சுகளுக்கு வேறு கிளப்பிலிருந்து ஒரு கீப்பரை லோனில், அதாவது கடனாக, கொண்டுவந்தார்கள். சீசன் முடிந்ததும் எனக்குக் காண்ட்ராக்ட் இல்லை என்றார்கள்.

அரையிறுதியில் தோற்ற அன்று அப்பா போனில் கேட்டார். "காத்துல பந்து வளஞ்சிட்டோ மக்கா?"

"ஆமாப்பா" என்றேன். அன்று காற்றே இல்லை.

கிளம்பும்போது ஜோஸ் அண்ணன், கட்டுப் போட்ட தோளோடு வாசல் வரை வந்தார். "எனக்கும் முதல் பத்து மேட்ச் இப்பிடித்தாம்ல போச்சு. எத்தன கோல் வாங்கினேன்னு எனக்கே தெரியாது. பொறவுதான் காலு சொன்னத கேட்டுது. உனக்கு அந்தப் பத்து மேட்ச் கிடைக்கல மக்கா, அவ்வளவுதான்."

5. இப்போது

ஆரல்வாய்மொழியில் ஒரு காற்றாலை நிறுவனத்தின் உதிரிபாக ஸ்டோரில் வேலை பார்க்கிறேன். வயது முப்பத்து மூன்று. திரும்பி வந்த முதல் வருடம் சில சிறிய கிளப்புகளுக்கு நானே போன் செய்தேன். ஏழு வருடத்தில் எத்தனை மேட்ச் ஆடினாய் என்று கேட்டார்கள். சொன்னேன். பிறகு கூப்பிடுகிறோம் என்றார்கள்.

விளையாட்டில் இருக்கிற இளையவர்களுக்கு என்னிடம் இருப்பது ஒன்றுதான். பிராக்டிஸ் வேறு, மேட்ச் வேறு. மேட்ச்சில் செய்யும் தவறுகளை மேட்ச்சில் மட்டும்தான் செய்து தீர்க்க முடியும். இடம் சிறியதென்றாலும் உங்களை ஆடவிடுகிற இடத்துக்குப் போங்கள்.

இவ்வளவு உழைத்தோம் என்ற நிறைவாவது உனக்கு இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். இல்லை. உழைக்காமல் தோற்றவன், உழைத்திருந்தால் ஜெயித்திருப்பேன் என்று தன்னைத் தேற்றிக்கொள்ளலாம். எனக்கு அதற்கும் வழியில்லை.