மூன்றாவது பாட்டில் பதில் சொன்னவன்

அவளை எல்லோரும் நீதிபதி என்றுதான் கூப்பிட்டார்கள். கோர்ட்டு வாசலை அவள் மிதித்ததே இல்லை. எதைக் காட்டினாலும் தீர்ப்புச் சொல்லிவிடுவாள் என்பதால் வந்த பெயர் அது. காலையில் வந்த பஸ்ஸின் டிரைவர் பிரேக்கை எப்படி மிதித்தார், கேன்டீன் டீ ஏன் நேற்று மாதிரி இல்லை, புது மேலாளர் ஏன் செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடக்கிறார் என்று எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு கருத்து இருக்கும். கருத்துக்குப் பின்னால் காரணமும் இருக்கும். சும்மா "பிடிக்கல" என்று சொல்பவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது.

"ஏன் பிடிக்கலன்னு சொல்லு. இல்லன்னா வாயை மூடிட்டு வேலையைப் பாரு" என்பாள்.

அவள் வேலை பார்த்தது ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரித் துணியும் ஓட்டல் துணியும் அங்கே வரும். கட்டடத்தின் நடுவே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் அழுக்குப் பக்கம், இந்தப் பக்கம் சுத்தப் பக்கம். சலவை இயந்திரங்களைச் சுவரிலேயே பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஒரு கதவு. அந்தப் பக்கத்து ஆட்கள் அழுக்குத் துணியை உள்ளே திணிப்பார்கள், துவைத்து முடிந்ததும் இந்தப் பக்கத்து ஆட்கள் வெளியே எடுப்பார்கள். இரண்டு கதவும் ஒரே நேரத்தில் திறக்காது. ஆட்களும் அப்படித்தான். அந்தப் பக்கம் மஞ்சள் ஏப்ரன், இந்தப் பக்கம் வெள்ளை ஏப்ரன். கை கழுவி, ஏப்ரன் மாற்றாமல் யாரும் சுவரைத் தாண்டக் கூடாது. மாற்றுவது பெரிய தொல்லை என்பதால் யாரும் தாண்டுவதும் இல்லை. கேன்டீனில்தான் இரு பக்கமும் ஒன்றை ஒன்று பார்க்கும்.

நீதிபதி சுத்தப் பக்கம். ஈரப் போர்வையின் ஒரு மூலையை அவள் பிடிக்க, மறு மூலையைச் சித்தி பிடிக்க, இருவரும் சேர்ந்து அதை இஸ்திரி போடும் சூடான உருளைக்குள் நுழைப்பார்கள். சித்தி அவளுக்கு உறவு இல்லை. அந்தக் கூடத்துக்கே சித்தி. அழுக்குப் பக்கத்தில் நீதிபதியின் கொழுந்தன் இருந்தான். அவள் கணவனின் தம்பி. வாய் சும்மா இருக்காத ஆள். அண்ணி ஒன்று சொன்னால் அவன் அதற்கு நேர் எதிராகச் சொல்லாமல் விடமாட்டான்.

பழைய மேலாளர் போகும்போது ஒரு நல்ல காரியம் செய்துவிட்டுப் போயிருந்தார். ஒரு பாட்டுப் பெட்டி வாங்கி, அதற்கு இரண்டு ஒலிபெருக்கி வைத்தார். ஒரு பக்கத்துக்கு மட்டும் பாட்டு வைத்தால் மறு பக்கம் முகத்தைத் தூக்கிக்கொள்ளும் அல்லவா? அதனால் சுவரில் துளை போட்டு வயரை இழுத்து, ஆளுக்கு ஒன்று என்று மாட்டிவிட்டார். வாரத்துக்கு ஓர் ஆல்பம், அதுவே திரும்பத் திரும்ப ஓடும். எந்த ஆல்பம் என்று சொல்வது நீதிபதி. யாரும் அவளைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் வேறு யாராவது சொல்லியிருந்தால் அந்த வாரம் முழுக்க அவள் விமர்சனத்தைக் கேட்க வேண்டியிருக்கும்.

அப்படித்தான் கண்ணாடிக்காரியின் புது ஆல்பம் வந்தது. கறுப்புக் கண்ணாடி இல்லாமல் அந்தப் பாடகியை யாரும் பார்த்ததில்லை, அதனால் அந்தப் பெயர். ஐந்தே பாட்டு. "இவ்வளவு பேர் வாங்கினவ, அஞ்சு பாட்டோட நிறுத்திட்டாளே. மிச்சத்தை யார் பாடுவா?" என்றாள் சித்தி.

"இருங்க சித்தி. சின்னதா இருந்தா குறைன்னு யார் சொன்னது? கேப்போம்" என்றாள் நீதிபதி.

கேட்டாள். முதல் பாட்டுக்குத் தாளம் அதிகம் என்றாள். இரண்டாவதில் கண்ணாடிக்காரி தன் பழைய பாட்டையே திருப்பிப் போட்டு இஸ்திரி பண்ணியிருக்கிறாள் என்றாள். நான்காவது பரவாயில்லை, ஐந்தாவது அவசரம். ஆனால் மூன்றாவது பாட்டு வரும்போது மட்டும் அவள் ஒன்றும் சொல்லமாட்டாள். கை போர்வையை உருளைக்குள் நுழைத்துக்கொண்டே இருக்கும், கண் எங்கோ இருக்கும்.

அந்தப் பாட்டில் தாளமே இல்லை. கண்ணாடிக்காரி மெல்லிய குரலில் கேள்வி கேட்கிறாள். கதவைப் பூட்டினாயா? பிறகு அமைதி. விளக்கை அணைத்தாயா? மறுபடி அமைதி. கடைசியில், என்மேல் கோபமா? அதற்குப் பிறகு நீண்ட அமைதி. அவ்வளவுதான் பாட்டு.

"பதில் வராதுன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் கேக்குறா பாருங்க" என்று நீதிபதி கேன்டீனில் விளக்கினாள். "மத்தவங்களா இருந்தா அந்த இடத்துல வயலினைப் போட்டு ரொப்பியிருப்பாங்க. இவ சும்மா விட்டுட்டா. அதுக்குத் தைரியம் வேணும்."

"யாரு கேக்குறா?" என்றான் கொழுந்தன் சாப்பிட்டுக்கொண்டே. "மூணாவது பாட்டைத்தானே சொல்றீங்க? அது வாட்ச்மேன் பாட்டு அண்ணி. ஒருத்தன் பூட்டியாச்சுங்கறான், அணைச்சாச்சுங்கறான். வேலை முடிஞ்சுதுன்னு கணக்கு ஒப்பிக்கிறான்."

"பூட்டினியான்னு அவ கேக்குறாடா!"

"பூட்டியாச்சுன்னு அவன் சொல்றான் அண்ணி!"

"அந்த மெஷின் சத்தத்துல நின்னு நின்னு உன் காது போச்சு."

"உங்களுக்கு ஆவி தலைக்கு ஏறிடுச்சு. ஒரு பாட்டைக் கேட்டுட்டு ஒம்பது பாட்டுக்கு அர்த்தம் சொல்றீங்க."

மஞ்சள் ஏப்ரன்கள் எல்லாம் அவன் பக்கம் சிரித்தன. வெள்ளை ஏப்ரன்கள் நீதிபதியின் பின்னால் நின்றன. அந்த வாரம் முழுக்கக் கேன்டீனில் இதே சண்டை. ஒரு நாள் யாரோ வாரப் பத்திரிகை ஒன்றில் வந்த விமர்சனத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதில், 'மூன்றாவது பாடலில் இரண்டு குரல்கள் பேசிக்கொள்வது இந்தச் சிறிய ஆல்பத்தின் உச்சம்' என்று போட்டிருந்தது. கொழுந்தன் மேசையைத் தட்டினான். நீதிபதி அசரவில்லை.

"இரண்டாவது குரல்னா மனசாட்சியோட குரல். பத்திரிகைக்காரங்க அப்படித்தான் எழுதுவாங்க. படிச்சுப் புரிஞ்சுக்கத் தெரியணும்" என்றாள்.

வெள்ளை ஏப்ரன்கள் கை தட்டின. அந்தத் தெம்பில்தான் அவள் அன்று மாலை வானொலிக்குப் போன் போட்டாள். கண்ணாடிக்காரியின் ஆல்பத்தைப் பற்றி நேயர்கள் கருத்துச் சொல்லும் நிகழ்ச்சி. மகள்தான் எண்ணை அழுத்திக் கொடுத்தாள்.

அவள் நன்றாகப் பேசினாள். தாளம், அவசரம், இஸ்திரி எல்லாம் சொன்னாள். அறிவிப்பாளர் இஸ்திரிக்குச் சிரித்தார். பிறகு அவள் மூன்றாவது பாட்டுக்கு வந்தாள்.

"அந்த மௌனம் இருக்கே, அதுதான் பாட்டு" என்றாள்.

"எந்த மௌனம் அக்கா?"

"கேள்வி கேட்டதுக்கு அப்புறம் வர்ற மௌனம். யாரும் பதில் சொல்லாத அந்த இடம்."

அறிவிப்பாளர் கொஞ்சம் தயங்கினார். "அங்கே தம்பி பதில் சொல்றாரே அக்கா. அக்காவும் தம்பியும் பேசிக்கிற பாட்டுதானே அது?"

"எந்தத் தம்பி?" என்று கேட்டுவிட்டாள் நீதிபதி.

அறிவிப்பாளர் பக்கத்தில் யாரோ சிரிப்பை அடக்கமுடியாமல் இருமியது ஊருக்கே கேட்டது. அவர் மரியாதையாக நன்றி சொல்லி அடுத்த நேயரைக் கூப்பிட்டார்.

மகள் தன் போனை நீட்டினாள். "இதுல போட்டுக் காட்டறேன்மா. கேட்டா தெரிஞ்சிடப் போகுது."

"வேண்டாம்."

"ஏம்மா?"

"எங்கே கேட்டேனோ அங்கேயே கேட்டுக்கறேன்."

அது உண்மையான காரணம் இல்லை. சலவைக்கூடத்தில் முன்பு ஒரு பெரியவர் இருந்தார். வருஷக்கணக்கில் உருளைப் பக்கத்திலேயே நின்றவர். முதலில் அவருக்கு ஆண்களின் தணிந்த குரல்தான் கேட்காமல் போனது. அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. பிறகு பாட்டு கேட்காமல் போனது, பிறகு கூப்பிட்டால் கேட்காமல் போனது. ஊரெல்லாம் கேட்கும் ஓர் ஆண் குரல் தனக்கு மட்டும் கேட்கவில்லை என்றால் என்ன அர்த்தம்? மகளின் போனிலும் கேட்காமல் போய்விட்டால்? பாட்டில்லாமல் அந்த உருளைக்கு எதிரே எப்படி நிற்பது என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தூங்கப்போகும்போது ஒரு காதைப் பொத்தி மறு காதால் கணவனின் குறட்டையைக் கேட்டாள். கேட்டது. அந்தப் பக்கமும் கேட்டது. ஆனால் அந்தக் குறட்டை செவிடருக்கே கேட்கும் என்பதால் அதை நம்ப முடியவில்லை.

மறுநாள் சுத்தப் பக்கத்தில் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் வானொலி கேட்டிருந்தார்கள். மூன்றாவது பாட்டு வந்தபோது அவள் போர்வையை அப்படியே விட்டுவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். ஒலிபெருக்கியில் காதை ஒட்டவைத்தாள்.

"ஏய், என்னடி பண்றே? துணி கருகப்போகுது!" என்று கத்தினாள் சித்தி.

கதவைப் பூட்டினாயா? அமைதி. ஒரு மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அவள் கீழே இறங்கினாள். "சித்தி, ஒரு ஆம்பளைக் குரல் கேக்குதா உங்களுக்கு?"

"இல்லையே."

சித்தியும் அவளைப் போலத்தான், வருஷக்கணக்கில் உருளைக்கு எதிரே நிற்பவள். அதனால் அந்தப் பதிலில் ஆறுதல் எதுவும் இல்லை. துணி மடிக்கும் மேசையில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள். எறும்பு ஊர்ந்தாலும் திரும்பிப் பார்க்கும் ரகம். நீதிபதி அவளிடம் போனாள்.

"உனக்கு?"

"எனக்கும் கேக்கல அக்கா. ஒரு அம்மா மட்டும்தான் பாடறாங்க."

நேற்று வேலைக்கு வந்த பெண்ணுக்குமா காது போயிற்று? பயம் இருந்த இடத்தில் இப்போது வேறு ஒன்று நமநமவென்று அரிக்க ஆரம்பித்தது. இந்தப் பக்கம் யாருக்கும் கேட்கவில்லை. அப்படியென்றால் யாருக்குக் கேட்கிறது? பூட்டியாச்சுன்னு அவன் சொல்றான் அண்ணி. கேன்டீனில் மேசையைத் தட்டிக்கொண்டு ஒரு வாரமாக ஒருவன் அதைத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறான்?

மற்ற பாட்டுகள் ஓடி முடிந்து, ஆல்பம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததும் அவள் கிளம்பினாள். கை கழுவினாள். வெள்ளை ஏப்ரனைக் கழற்றி மாட்டி, மஞ்சள் ஏப்ரனை எடுத்து மாட்டினாள். அத்தனை வருஷத்தில் அவள் மஞ்சள் போட்டதே இல்லை. அழுக்குப் பக்கத்தின் கதவைத் தள்ளியபோது மூட்டை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்தார்கள்.

"என்ன அண்ணி, மஞ்சள்ல வந்திருக்கீங்க? கட்சி மாறிட்டீங்களா?" என்றான் கொழுந்தன்.

"வாயை மூடு. மூணாவது பாட்டு வரட்டும்."

வந்தது. முதலில் அமைதி. பிறகு தூக்கக் கலக்கத்தில் ஓர் ஆண் குரல், பூட்டியாச்சு. அமைதி. அணைச்சாச்சு. யார் கேட்டது, எதற்குச் சொல்கிறான் என்று ஒன்றுமே இல்லை. தனியாக ஒருவன் இருட்டில் கணக்கு ஒப்பிப்பது மாதிரியேதான் இருந்தது. நீண்ட அமைதிக்குப் பிறகு அவன் சொன்னான், இல்லக்கா.

நீதிபதி மேலே இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தாள். அதிலிருந்து போன வயரைப் பார்த்தாள். சுவரில் இருந்த துளையைப் பார்த்தாள்.

"அடப்பாவி மனுஷா" என்றாள், பழைய மேலாளரை. "ஆளுக்குப் பாதின்னு பாட்டையே வெட்டிக் குடுத்துட்டுப் போயிட்டானே!"

அந்தப் பாட்டில் மட்டும் அவள் குரல் ஒரு பெட்டியிலும் அவன் குரல் மறு பெட்டியிலும் வரும்படி பதிவு செய்திருந்தார்கள். கொழுந்தனுக்கு அது விளங்கச் சற்று நேரம் பிடித்தது. "அப்போ அவ அந்தப் பக்கம் கேக்குறாளா?"

"ஒரு வாரமா கேக்குறா. நீதான் வாட்ச்மேன்னு சொன்னே."

"நீங்க மனசாட்சின்னு சொன்னீங்க!"

இருவரும் சிரித்த சிரிப்பில் மஞ்சள் ஏப்ரன்களுக்கு ஒன்றும் புரியவில்லை. நீதிபதி சிரித்துக்கொண்டே இரண்டு காதையும் ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

புது மேலாளர் செருப்பைத் தேய்த்துக்கொண்டு வந்து விஷயத்தைக் கேட்டார். அன்று ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் இரண்டு ஒலிபெருக்கியையும் கழற்றிக் கேன்டீனில் வைக்க ஒத்துக்கொண்டார். அழுக்குப் பக்கத்து ஒலிபெருக்கியை மருந்து போட்டுத் துடைத்த பிறகுதான் உள்ளே விட்டார். மஞ்சளும் வெள்ளையும் ஏப்ரன் இல்லாமல் கலந்து உட்கார்ந்தன. அக்கா இந்தப் பெட்டியிலிருந்து கேட்டாள். தம்பி அந்தப் பெட்டியிலிருந்து சொன்னான். கோபமா என்று கேட்டபோது யாரும் வாயில் இருந்த சோற்றை மெல்லக்கூட இல்லை. இல்லக்கா என்று பதில் வந்ததும் சித்தி மூக்கை உறிஞ்சினாள்.

எல்லோரும் நீதிபதியைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள் கடைசியில். "ஆனா அவன் கொஞ்சம் சீக்கிரமே பதில் சொல்லிடறான்."

"நான் சொல்லட்டுமா அண்ணி? அவ கொஞ்சம் அதிகமா கேள்வி கேக்குறா" என்றான் கொழுந்தன். "எங்க பக்கத்துல அவன் நிம்மதியா இருந்தான்."

"காரணம் சொல்றான் பாரு! இப்பத்தான் உருப்படியா ஒண்ணு பேசியிருக்கே."

ஒலிபெருக்கிகளைத் திரும்ப மாட்டும்போது அவள் வயர்மேன் பக்கத்திலேயே நின்றாள். இரண்டு வயரையும் மாற்றிப் போடச் சொன்னாள். அக்காவின் பாதியை ஒரு வாரம் அவர்களும் கேட்கட்டும், தம்பியின் பாதியை நாங்களும் கேட்கிறோம் என்றாள். மேலாளர் யோசித்தார். பிறகு, பாட்டு நின்றால் வேலையும் நிற்கிறது என்பதாலோ என்னவோ, சரி என்றார். வானொலிக்கு மறுபடி போன் போடப்போகிறாயா என்று சித்தி கேட்டாள். போடுவேன், ஆனால் இப்போது இல்லை என்றாள் நீதிபதி. பாதி கேட்டுவிட்டு முழுசாகப் பேசியது ஒரு தடவை போதும்.

பிற்பகலில் மூன்றாவது பாட்டு சுத்தப் பக்கத்தில் வந்தபோது வெறும் அமைதியோடுதான் ஆரம்பித்தது. நீதிபதி ஒரு மூலை, சித்தி ஒரு மூலை, நடுவில் ஈரப் போர்வை. உருளை ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"கதவைப் பூட்டினியா?" என்றாள் நீதிபதி மெதுவாக, பாட்டாகவும் இல்லாமல் பேச்சாகவும் இல்லாமல்.

பூட்டியாச்சு, என்றது சுவரில் இருந்த பெட்டி.

சித்தி போர்வைக்கு அந்தப் பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். "என்னடி, இப்போ எப்படி இருக்கு?"

"இருங்க சித்தி" என்றாள் நீதிபதி. "இன்னும் கேட்டு முடிக்கல."