வேட்டிக்கு அனுமதி இலவசம்

பாரிஸ் லாச்சப்பலில் கோயில் கும்பிட்ட கையோடு, வேட்டி சால்வையுடனேயே அத்தான் என்னோடு புரோவனுக்கு ரயிலேறி வந்துவிட்டார். மதில் சூழ்ந்த அந்தப் பழைய ஊரில் இன்று மத்தியகாலத் திருவிழா. அந்தக்கால உடுப்பில் வருபவர்களுக்கு இலவசம் என்று வாசலில் எழுதியிருக்கிறது.

"தம்பி, நீ வாயைத் திறவாதை," என்கிறார் அத்தான்.

வெல்வெட் அங்கி அணிந்த வாசல்காரப் பெண்ணிடம் வேட்டியைக் காட்டி, எண்ணூறு வருடத்துக்கு முந்தைய எங்கள் உடுப்பு என்று பிரெஞ்சில் அடித்துவிடுகிறார்.

அவள் குனிந்து பார்க்கிறாள். "இந்தச் சப்பாத்தும் அப்போதே இருந்ததா?"

அத்தான் உடனே சப்பாத்தைக் கழற்றி என் கையில் தருகிறார். அவள் சிரித்தபடி வழி விடுகிறாள்.

நான் டிக்கெட் எடுத்து உள்ளே போகும்போது, குளிர்ந்த கல்தெருவில் அவர் கால் மாற்றித் துள்ளிக்கொண்டிருக்கிறார். எங்கள் நாட்டு நடனம் என்று நினைத்து ஒரு கூட்டம் கைதட்டுகிறது. சப்பாத்தை நீட்டுகிறேன்.

"பொறு தம்பி, ஆக்கள் பாக்கினம்!"