சட்டைப்பையில் போன பியூஸ் கட்டை

பியூஸ் கட்டையின் பீங்கான் எந்த வெயிலிலும் உள்ளங்கைக்குச் சில்லென்றிருக்கும்; அதன் பித்தளைக் கால்களைத் தொட்ட விரலில் மட்டும் பழைய நாணயத்தின் நெடி ஒன்று சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாமல் ஒட்டியிருக்கும். என் பன்னிரண்டாம் வயதிலிருந்து இரண்டாண்டுகள் அந்த நெடி எங்கள் வீட்டில் இருந்தது, ஏனென்றால் அக்கா கோமதி ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியன் படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் நிலக்கரிச் சுரங்கத்தின் மின்பிரிவில் அப்ரண்டிஸாகச் சேர்ந்திருந்தாள்.

நெய்வேலி நகரியத்தின் அகலமான சாலைகளும் வரிசை மரங்களும் முடிகிற இடத்துக்கு அப்பால், நான்கு வீடுகள் ஒட்டினாற்போல் இருந்த ஒரு "லைன் வூட்டில்" மூன்றாவது எங்களுடையது. அப்பா, கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்துகிற கரியை வாரிப் போடும் "காண்ட்ராக்ட்" ஆள். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பங்களுக்கு வேலை என்ற பேச்சு ஊரில் எப்போதும் உண்டு; தாத்தா காலம்வரை பிறர் நிலத்தில் நட்டும் அறுத்தும் வந்த எங்களிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. அதனால் "பர்மனெண்ட்" என்ற சொல் எங்கள் வீட்டில் அக்காவின் சான்றிதழ் ஒன்றை நம்பித்தான் உச்சரிக்கப்பட்டது. பயிற்சியின் முடிவில் ஒரு தேர்வு, தேறினால்தான் சான்றிதழ். அது இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று யாரும் சொல்லவில்லை, இல்லாவிட்டால் கிடைக்காது என்று மட்டும் எல்லோரும் சொன்னார்கள்.

பயிற்சியில் அக்காவுக்குப் பழக்கப்படுத்திய முதல் காரியம் மிக எளியது. எந்த லைனில் கைவைப்பதானாலும் முதலில் மின்சாரம் நிற்கக் கட்டையைப் பிடுங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்ள வேண்டும். பிடுங்கிய கைதான் மறுபடி சொருக வேண்டும். அதுவரை வேறு யாரும் அந்த லைனுக்கு உயிர் கொடுக்கக்கூடாது. அப்பாவின் வழக்கமோ வேறு. பியூஸ் போனால், எளிதில் உருகாத ஒரு துண்டு செம்புக் கம்பியைப் போர்டில் இரண்டு முனைக்கும் முறுக்கிவிட்டு, "லைட்டு எரியுதா? அவ்ளோதான்" என்று கையைத் தட்டிக்கொள்வார். இதைப் பற்றி இரண்டாண்டுகள் இருவருக்கும் ஓயாத சண்டை. யாராவது செத்தால்தான் உனக்குப் புரியும் என்பாள் அக்கா. "இத்தினி வருசத்துல எவன் செத்தான், சொல்லு" என்று அவர் சிரிப்பார்.

தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அன்றைய சங்கதிகளை நேரம் போட்டு எழுதிவைக்கும் பழக்கம் எனக்கு அப்போதே உண்டு. இந்த நாளின் தாளில் தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. 2016 ஏப்ரல், செவ்வாய் என்பது மட்டும் மிச்சம். அன்று அக்காவுக்குச் செய்முறைத் தேர்வு, எனக்கு முழுப்பரீட்சை விடுமுறை.

காலை ஆறு ஐம்பதுக்கு, நான்கு வீட்டுக்கும் பொதுவான தண்ணீர் மோட்டாரின் சுவிட்ச் கருகி நாறியது. அக்கா வாசல் போர்டிலிருந்து மோட்டார் லைனின் கட்டையைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். கருகிய சுவிட்சைக் கழற்றினாள். புது சுவிட்ச் வாங்கிவர ஆள் போவதற்குள், கூடப் பயிற்சி பெற்ற தேவி ஸ்கூட்டரோடு வந்து நேரமாகிறது என்று அவசரப்படுத்தினாள். சாயங்காலம் வந்து மாட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு அக்கா பின்னால் ஏறிக்கொண்டாள். தொட்டியோரத்து ஈரச் சுவரில் ஒயர் முனைகள் மூடாமல் தொங்கின. கட்டை அவள் சீருடைப் பையிலேயே போய்விட்டது.

தேர்வுக் கூடத்தில் டெஸ்டரை எடுக்கப் பைக்குள் கைவிட்டபோதுதான் அந்தச் சில்லிப்பு விரலில் பட்டதாக அவள் பின்னால் சொன்னாள். கட்டை தன்னிடம் இருக்கும்வரை ஆபத்தில்லை என்று முதலில் தோன்றியது. அடுத்த நொடி அப்பாவின் செம்புக் கம்பி நினைவுக்கு வந்தது. தண்ணீருக்கு நான்கு வீடு காத்திருக்கிறது. போர்டில் காலி இடத்தைப் பார்த்தால் அவர் முறுக்கிவிடுவார். சிறுபிள்ளைகள் குளிக்கிற ஈரத்தில் அந்த முனைகள் தொங்குகின்றன. பாதியில் வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்று தேர்வாளர் இரண்டு முறை சொன்னாராம். இருந்தும் வெளியே வந்து, வாசலில் கொடுத்துவைத்த போனை வாங்கி அப்பாவுக்கு அடித்தாள். வீட்டுக்குள் ஆணியில் மாட்டியிருந்த சட்டைக்குள் அவர் போன் அடித்து ஓய்ந்தது.

அவள் பஸ் பிடித்து வந்து சேருவதற்குள் வீட்டில் நடந்தது என் தாளில் இருக்கிறது. எட்டு மணிக்கு வேலைக்குக் கிளம்பிய அப்பா, போர்டில் காலி இடத்தைப் பார்த்து நின்றார். உள்ளே போனார். கம்பியோடு வருவார் என்றுதான் நானும் நினைத்தேன். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து போர்டுக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். முதல் வீட்டு சரோஜா அக்கா காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, "ஏன் அண்ணே, போர்ட காவ காக்குறதுக்கு இன்னைக்கி டூட்டி போட்டுட்டாங்களா? ஒரு கம்பிய முறுக்கிவுட்டா ஆவாதா?" என்றாள். அன்றைய வேலைக்கு அப்பா போகவில்லை.

பத்து இருபத்தைந்துக்கு அக்கா தெருமுனையிலிருந்து ஓடிவந்தாள். கட்டையை வெளியே எடுத்துப் பிடித்தபடி நின்றாள்.

"பரிச்ச முடிஞ்சிதாம்மா?"

"பாதில வந்துட்டேம்ப்பா."

"ஏன்?"

"நீ கம்பி போட்டுருவேன்னு நெனச்சேன்."

அப்பா போர்டின் காலி இடத்தைக் கையால் காட்டினார். "நீ வர்ற வரைக்கும் எவனும் தொடக்கூடாதுன்னுதான் குந்திக்கினு இருக்கேன்" என்றார்.

அதற்குள் வாங்கி வைத்திருந்த புது சுவிட்சை அக்கா மாட்டி, கட்டையைச் சொருகியதும், பதினொன்று பத்துக்குத் தண்ணீர் வந்தது. செம்புக் கம்பிச் சண்டையும் அன்றோடு நின்றது.

அக்கா அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினாள். அதற்குள், சென்னைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தொழிற்சாலை அந்த வருடம் தேறியவர்களை எடுத்துக்கொண்டு போயிருந்தது. தேவி அதில் ஒருத்தி. அன்று எழுந்து வராமல் இருந்தால் அக்காவும் போயிருப்பாளா என்று எங்களில் யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. சான்றிதழை உறையில் போட்டுக்கொண்டு அவள் ஒவ்வொரு காண்ட்ராக்டாக மாறினாள். இப்போது சென்னைக்கு வெளியே ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இருக்கிறாள், வருடத்துக்கு ஒருமுறை காண்ட்ராக்டைப் புதுப்பிக்கிறார்கள். கேட்டால், "ஓடுது" என்கிறாள்.

லைன் வீட்டை இடித்துவிட்டார்கள். நாங்கள் குடிவந்திருக்கும் வீட்டின் போர்டில் பீங்கான் கிடையாது. விரலால் கீழே தட்டினால் அணைகிற சிறிய சுவிட்சுகள், பிடுங்கிப் பையில் போட்டுக்கொள்ள அவற்றில் எதுவும் இல்லை. போன மாதம் மின்விசிறி மாட்ட ஒரு ஆள் வந்தான். சுவிட்சைத் தட்டிவிட்டு அவன் ஏணியில் ஏறியதும், அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, அவன் இறங்கும்வரை போர்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.