பத்தாவது கோடு

சுருளைச் சுற்றும்போது அன்ரனெற் வாய் மூடமாட்டாள். "கிட்ட வந்திட்டம். அவசரப்படாதேங்கோ, மனுசன் எங்கயும் போகேல்லை." பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரக் கிழவருக்கு அதில் ஒரு சொல்லும் விளங்காது, ஆனாலும் தலையாட்டுவார். அவள் கைப்பிடியைச் சுழற்றச் சுழற்றத் திரையில் பெயர்கள் கீழிருந்து மிதந்து வந்து மேலே போய் மறையும்.

ரொறன்ரோ நடுநகரில் ஒரு நூலகத்தின் கீழ்த்தளம். பழைய பதிவேடுகளை மைக்ரோபிலிமில் பார்க்கிற இருட்டறை. சுருளை எடுத்துக் கொடுப்பதும் திருப்பி வைப்பதும் மட்டுந்தான் அவளுக்குச் சம்பளம் தருகிற வேலை. பார்வை மங்கியவர்களே அதிகம் வருவதால் வாசித்துக் கொடுப்பதையும் தானாகவே தலையில் போட்டுக்கொண்டாள். அவர்கள் தேடி வருவது தங்கள் பூட்டன்மாரை: நூற்றுமுப்பது வருஷத்துக்கு முன் எல்லை தாண்டிப் போய், அமெரிக்காவின் உள்நாட்டுப் போரில் சண்டை பிடித்து, எதிரியிடம் அகப்பட்டுச் சிறையில், மறியலில் கிடந்தவர்களை.

அந்த அறைக்குள் பேனை கொண்டுபோகக் கூடாது, பென்சில்தான். ஐந்து வருஷத்தில் அந்தப் பழக்கம் வீட்டுக்கும் தொற்றிவிட்டது. கைப்பையில் விரல்நீளப் பென்சில்களும் ஓர் அழிறப்பரும் எப்போதும் கிடக்கும். மரக்கறிப் பட்டியலும் பென்சில், கலண்டரில் பல்வைத்தியரின் நேரமும் பென்சில். "பேனையால எழுதினாப் பிறகு மாத்தேலாது" என்பாள். அவள் பேனையைத் தொடுவது வருஷத்தில் ஒருமுறை. நவம்பரில் மரித்தோருக்காக ஒப்புக்கொடுக்கும் பூசைக்குக் கோயிலில் முன்கூட்டியே ஓர் உறை தருவார்கள். வீட்டில் செத்தவர்களின் பெயர்களை எழுத அதில் பத்துக் கோடு.

பத்திலும் அவள் எழுதுவது, மறியலில் செத்து, இன்றுவரை ஒருவரும் தேடி வராத அந்நியர்களைத்தான். ஹைரம், எஸ்ரா, சைலஸ், எலைஜா. போன வருஷம் பங்குத்தந்தை அலெக்ஸாண்டர் பூசை முடிய மெல்ல விசாரித்தார்.

"அன்ரனெற், இந்த எலைஜா ஆர்? உங்கட சொந்தமோ?"

"ஓம் ஃபாதர். கொஞ்சம் தூரத்துச் சொந்தம்."

நல்ல இரக்கமுள்ள மனுஷி என்று கோயிலில் நினைக்கிறார்கள். அது பொய்யுமில்லை. வேலை முடிந்து சப்வேயில் கண்ணயரும்போது எலைஜாவும் சைலஸும் மன்னார்க் கடற்கரையில் வெறுங்காலோடு நடப்பார்கள். சற்றுப் பின்னால் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அவளுடைய தம்பி யூட்சன் வருவான். மூன்று பேருக்கும் என்ன பாஷையில் பேச்சோ தெரியாது. சிரிப்பு மட்டும் கேட்கும், அலை வந்து கால்தடங்களை நனைக்கும். செத்தவர்களோடு இவனுக்கு என்ன நடை என்று அவள் கேட்பதில்லை. விழிக்கும்போது இறங்கவேண்டிய ஸ்ரேஷன் தாண்டியிருக்கும்.

யூட்சனை ஊரில் இலங்கை ஆமி பிடித்துக்கொண்டு போய் ஏழு வருஷம். செத்தவர் பட்டியலிலும் இல்லை, மறியலில் இருப்பவர் பட்டியலிலும் இல்லை. உறையின் பத்துக் கோடும் நிரம்பிவிட்டால் அவன் பெயருக்கு அங்கே இடமிராது. அவளுடைய யோசனை அவ்வளவுதான்.

அவன் மனைவி வேரோனிக்கா அதே நகரில், பார்க்டேலில் இருக்கிறாள். வருஷாவருஷம் அவன் பெயரை எழுதச்சொல்லி ரெலிபோனில் கேட்பவள், இந்த ஒக்ரோபரில் வீட்டுக்கே வந்து குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல் குசினி மேசையில் உட்கார்ந்தாள்.

"இந்த வருஷம் அவற்ர பேரைக் குடுப்பம், மச்சாள். உங்களைக் கேளாமல் நான் எழுதமாட்டன்."

"பட்டியலெல்லாம் பிழைவிடும், வேரோனி. என்னட்டை ஹேசல் எண்டொரு மனுசி வாறவ. அவவின்ர பூட்டன் மறியலில செத்ததெண்டு எழுதிக் கிடக்கு. அடுத்த சுருளைப் போட்டுப் பாத்தா, ஆள் வீட்டை வந்து ஆறு பிள்ளை பெத்திருக்கிறார். செத்தவற்ர பூட்டப்பிள்ளை எனக்குப் பக்கத்தில இருந்து பெப்பர்மின்ற் சப்புது."

வேரோனிக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அது நின்றது.

"அந்த மனுசிக்கு அடுத்த சுருள் இருக்கு, மச்சாள். எனக்கு என்ன இருக்கு? அவர் வரவேணுமெண்டு நானும்தான் மன்றாடுறன். ஆனா அழுறதுக்கு எனக்கொரு நாள் வேணும். கோயிலில, எல்லாரும் பாக்க, ஒருக்கா."

தம்பியைக் காப்பாற்றுகிறேன் என்று இவளை ஏழு வருஷம் அந்தரத்தில் விட்டிருக்கிறேனே என்று அன்ரனெற்றுக்கு வெட்கமாக இருந்தது. அலுமாரியிலிருந்து உறையை எடுத்தாள். ஒன்பது கோடு பேனையால் நிரம்பியிருந்தது. பத்தாவதுக்குத் தோமஸ் என்றொருவனை வைத்திருந்தாள். அவனுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்.

பேனையை மூடி வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஒரு பென்சிலை எடுத்தாள். கடுதாசியில் தடம் விழாமல், மெல்ல, யூட்சன் என்று எழுதினாள். பிறகு பைக்குள் மறுபடி துழாவி அழிறப்பரை எடுத்து, வேரோனிக்காவின் உள்ளங்கையில் வைத்து, அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக மடித்து மூடினாள்.