சுப்பண்ணன் நிரப்பாத சீசா

இன்டர்மீடியட் பரீட்சையில் இரண்டாம் தடவையும் கோட்டை விட்டபோது திருமூர்த்திக்கு வயது இருபத்திரண்டு. சூலூர்ப் பக்கம் குடும்பத்துக்குத் தோட்டம் இருந்தது, அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். தம்பியும் கூட நின்றால் நல்லதுதானே என்று யாரோ கேட்டதற்கு அந்த அண்ணன், "அவன் மம்முட்டியத் தொடாம இருந்தாலே வெள்ளாமை நல்லா வருமுங்க" என்றான். திருமூர்த்தி இதைப் பின்னாளில் தானே ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். தன்னைப் பற்றிப் பிறர் செய்த கேலியை அவன் ஒருநாளும் ஒளித்ததில்லை. கேலி செய்தவர்கள் மறந்துவிட்டால்கூட எடுத்துக் கொடுப்பான்.

அது 1936. கோயமுத்தூர் ஒப்பணக்காரத் தெருவில், ஒரு ஜவுளிக்கடை மாடியில், சுபஜீவன் இன்சூரன்ஸ் கம்பெனியின் கிளை இருந்தது. 'சம்பளத்துடன் தொழில் பழக இளைஞர் தேவை' என்று கீழே அட்டை தொங்கியது. என்ன தொழில் என்று திருமூர்த்தி பார்க்கவில்லை. சம்பளத்துடன் என்பதைப் படித்ததும் படியேறிவிட்டான்.

மேலே மானேஜர் வரதராஜுலு மூக்குப்பொடியை உறிஞ்சிக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "ஆறு மாசம் அப்ரண்டிஸ். மாசம் பதினஞ்சு ரூபா. அதுக்குள்ள பத்து உயிர் கொண்டாந்துட்டா வேலை நிரந்தரம். இல்லேன்னா ஊருக்கு பஸ் ஏறிக்கலாம்."

பத்து உயிர் என்றதும் திருமூர்த்திக்கு, தெரியாத்தனமாக எமனுடைய கிளை ஆபீசில் நுழைந்துவிட்டோமோ என்று திக்கென்றது. அந்த ஆபீசில் பாலிசி எடுக்கிற ஆளை உயிர் என்று சொல்வது வழக்கம், அவ்வளவுதான். பத்துப் பேரைச் சேர்த்துவிட வேண்டும். அதிலென்ன கஷ்டம் என்று நினைத்தான். இன்டர்மீடியட்டைப் பற்றியும் முதலில் அப்படித்தான் நினைத்திருந்தான்.

வரதராஜுலு கற்றுக்கொடுத்த முதல் பாடம், போகிற வீட்டில் சாவு என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது. திருமூர்த்தி அதை அளவுக்கு மேலேயே பின்பற்றினான். "நாளைக்கு நீங்க இல்லாத சமயத்துல ஊட்டுல இருக்கறவங்களுக்கு ஒரு ஆதரவு வேணுமுங்களே" என்று ஒரு பெரியவரிடம் குழைந்து குழைந்து சொன்னான். அவர், "நாளைக்கு நான் எங்கயும் போகலீங்களே, ஊட்டுலதான் இருக்கறேன்" என்று கதவைச் சாத்திக்கொண்டார். இரண்டாவது பாடம், யாரையும் அந்நியராக நினைக்கக் கூடாது. அதிலாவது தேறினான். ஒரே மாதத்தில் அவிநாசி முதல் பல்லடம் வரை அவனுக்கு மாமன்மார் முளைத்துவிட்டார்கள்.

மாமன் வீடு என்றால் சும்மா அனுப்புவார்களா? இந்தச் சீமையில் ஒரு வீட்டுக்குள் போய்விட்டு எதுவும் குடிக்காமல் எழுந்து வந்தால் பகையென்று அர்த்தம். ஒரு வீட்டில் கருப்பட்டிக் காப்பி. அடுத்த வீட்டில், டவுன்காரத் தம்பியாயிற்றே என்று, அடியில் சர்க்கரை கரையாமல் கிடக்கிற காப்பி. அதற்கடுத்த வீட்டில் பானகம். பாலிசி கிடைக்காத நாள் உண்டு, காப்பி கிடைக்காத நாளே கிடையாது. கொஞ்ச நாளாகத் தாகம் வேறு ஓயாமல் எடுத்தது. வெயிலில் சைக்கிள் மிதிக்கிறோம், தாகம் எடுக்காமல் என்ன செய்யும் என்று எண்ணிக்கொண்டு இன்னொரு சொம்பு பானகம் கேட்டு வாங்கிக் குடித்தான். கேட்டுக் குடிக்கிற பிள்ளை என்று அதற்கும் நல்ல பேர் வந்தது.

ஆறாவது மாதம் பிறந்தபோது ஒன்பது உயிர் தேறியிருந்தது. பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதிப் பேர் இவன் தொல்லை தாங்காதவர்கள். பத்தாவதுக்குத்தான் சோமனூர்ப் பக்கத்துக் கவுண்டர் சுப்பண்ணன் வந்து மாட்டினார். மாட்டினார் என்பதும் சரியில்லை, தானாகவே வந்தார். பைக்காரா அணையிலிருந்து கரண்டு வந்ததும் கிணற்றுக்கு மோட்டார் வைத்தவர் அவர். "தலைக்கு மேல கம்பி போகுது, அதுக்கு அடியிலதான் தெனமும் நடக்கறனுங்க. எதுக்கும் ஒண்ணு போட்டு வெச்சுக்குவோம்" என்றார். திருமூர்த்திக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்றைக்கே அம்மாவுக்கு, வேலை நிரந்தரமான மாதிரிதான் என்று ஆள் மூலம் சொல்லியனுப்பினான்.

கம்பெனி டாக்டர் பாலகோபால் காரில் சுப்பண்ணனின் தோட்டத்து வீட்டுக்கு, அந்தச் சாளைக்கே, வந்து சோதித்தார். மார்பை அளந்தார், நாடி பார்த்தார், முதுகில் தட்டினார். எல்லாவற்றுக்கும் சுப்பண்ணன் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் டாக்டர் ஒரு காலிச் சீசாவை நீட்டி, கொஞ்சம் மூத்திரம் பிடித்து வரச் சொன்னார்.

"இத வெச்சு என்னங்க பண்ணுவீங்க?"

"மருந்து கலந்து அடுப்புல காய்ச்சிப் பார்ப்போம். சர்க்கரை இருந்தா தெரிஞ்சுடும்."

சுப்பண்ணன் முகம் மாறிவிட்டது. "காய்ச்சறதுங்களா? அது ஆகாதுங்க. பால் பொங்கி அடுப்புல உழுந்தா, கறந்த மாட்டுக்குக் காம்பு வெடிச்சுப்போகுது. அது மாட்டுக்கு. என்றத அங்க அடுப்புல வெச்சுப் பொங்க உட்டீங்கன்னா, இங்க எனக்கு என்ன ஆவும்னு ரோசனை பண்ணிப் பாருங்க."

டாக்டர் பையை மூடினார். சீசாவைத் திருமூர்த்தி கையில் கொடுத்து, "எப்படியாவது வாங்கி நாளைக்குக் கிளினிக்குக்குக் கொண்டு வா" என்று காரைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திருமூர்த்தி பொழுது சாயும்வரை மன்றாடினான். சுப்பண்ணன் மனைவி நஞ்சம்மாள் இரண்டு தடவை காப்பி கொடுத்ததுதான் மிச்சம். சுப்பண்ணன் அசையவில்லை.

திரும்பி வருகிற வழியில், ஆளில்லாத ஒரு பனைமரத்தடியில் திருமூர்த்தி சைக்கிளை நிறுத்தினான். இருபத்திரண்டு வயசு உடம்பு. இதைவிட நல்ல சரக்கு கோயமுத்தூர் ஜில்லாவில் யார் கொடுக்க முடியும்? கவுண்டருக்கு நல்லதுதானே செய்கிறோம் என்று ஒரு தாராள மனசுகூட அந்த நேரத்தில் வந்தது. சீசாவை நிரப்பி, தக்கையை இறுக்கி, துண்டில் சுற்றி, மறுநாள் கிளினிக்கில் ஒப்படைத்தான்.

அடுத்த நாள் டாக்டர் அவனைக் கூப்பிட்டு, ஒரு கண்ணாடிக் குழாயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். "மருந்து நீலமாவே இருந்தா நல்ல உடம்பு. இது பார், செங்கல்லாட்டம் சிவந்துபோச்சு. உன் கவுண்டருக்குச் சர்க்கரை ஏகத்துக்கு இருக்கு. கம்பெனி எடுக்காது."

திருமூர்த்தி முதலில் வருத்தப்பட்டது பத்தாவது பாலிசிக்காக. பாவம் சுப்பண்ணன் மாமா, எவ்வளவு நல்ல மனுஷன், அவருக்குப் போய் இப்படியா என்றுகூட உச்சுக்கொட்டினான். படியிறங்கிச் சைக்கிளின் பூட்டைத் திறந்து, ஏறி உட்கார்ந்து, ஒரு மிதி மிதித்த பிறகுதான் அது யாருடைய சர்க்கரை என்பது உறைத்தது. இதற்குமேல் ஒரு மடையன் உண்டா என்று இந்த இடத்தில் அவனே கேட்பான். யாரும் பதில் சொல்லாவிட்டால் வற்புறுத்துவான்.

அப்புறம் சில நாள் அவன் சோமனூர்ப் பக்கமே தலைகாட்டவில்லை. உண்மையைச் சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. சுப்பண்ணனுக்கு என்ன குறைந்துவிடும்? ஒரு பாலிசி கிடைக்காது, அவ்வளவுதானே? இப்படிக் கணக்குப் போட்டுத் தைரியம் வந்ததும், பத்தாவதுக்கு வேறு ஆள் யாரையாவது காட்டச் சொல்லலாமென்று அவரையே பார்க்கப் போனான். மனுஷனுக்கு வெட்கம் என்று ஒன்று இருந்தால்தானே?

சாளை வாசலில் மருமகன்கள் இரண்டு பேர் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விஷயம் டாக்டர் வீட்டு ஆள் மூலம் அதற்குள் எட்டிவிட்டிருந்தது. சுப்பண்ணன் கட்டிலில் ஒடுங்கிப்போய்க் கிடந்தார். கையில் பாகற்காய்ச் சாறு. "வாங்க கண்ணு" என்ற குரலில் பழைய சத்தம் இல்லை. "ஒடம்புல என்னமோ கோளாறுன்னு நானே நெனைச்சுட்டு இருந்தனுங்க. சீசா குடுக்காமயே கண்டுபுடிச்சுட்டாங்க பாத்தீங்களா, அந்த டாக்டரு கெட்டிக்காரருங்க. நெலத்தப் பிரிச்சுக் குடுத்துப்போட்டா எனக்கு நிம்மதி."

நஞ்சம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். சோறு தொட்டு நாலு நாளாயிற்றென்று ஒரு மருமகன் சொன்னான்.  வேலை, சம்பளம், அம்மாவுக்குச் சொல்லியனுப்பிய பெருமை எல்லாம் ஒரு கணம் திருமூர்த்தியின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. 

"மாமா, அந்தச் சீசாவுல இருந்தது உங்குளுது இல்லீங்க."

"பின்ன யாருதுங்க?"

"என்றதுங்க. நீங்க குடுக்கலீன்னு நானே நெப்பிக் குடுத்துப்போட்டேன்."

 சுப்பண்ணன் எழுந்து உட்கார்ந்தார். அடி விழப்போகிறதென்று திருமூர்த்தி காத்திருந்தான். அவரோ கையிலிருந்த தம்ளரைப் பார்த்து, "அப்ப இந்தக் கருமத்த நான் எதுக்குங்க குடிச்சுட்டு இருக்கறேன்?" என்று கேட்டார்.

சத்தம் கேட்டு நஞ்சம்மாள் வெளியே வந்திருந்தாள். ஒரு கையில் அவனுக்கென்று கொண்டு வந்த காப்பி இருந்தது. அவள் காப்பியைப் புருஷனிடம் கொடுத்துவிட்டு, அவர் கையிலிருந்த பாகற்காய்ச் சாற்றை வாங்கித் திருமூர்த்தி கையில் வைத்தாள். "நீங்க குடிங்க சாமி. இத்தன சின்ன வயசுல..." என்றாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான். கசப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டுத் தலைகுனிந்து நின்றான்.

மறுநாளே சுப்பண்ணன் வண்டி கட்டி, திருமூர்த்தியையும் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் புறப்பட்டார். "என்ற பேர்ல உங்க சக்கர ஏறி நிக்குது. அத எறக்கிப்போடோணும்." டாக்டர் குழாயை அடுப்பில் பிடித்தபோது பக்கத்தை விட்டு நகராமல் நின்று, "பொங்க உட்றாதீங்க, பைய, பைய" என்று மேற்பார்வை பார்த்தார். பொங்கவில்லை. மருந்து நீலம் மாறவும் இல்லை. பிறகு டாக்டர் திருமூர்த்தியிடம் ஒரு சீசாவை நீட்டினார். அது மறுபடியும் செங்கல் நிறமாயிற்று.

"ஏனுங்க டாக்டர், கம்பெனி என்னை எடுத்துக்குமுங்களா?" என்று திருமூர்த்தி சிரித்துக்கொண்டே கேட்டான்.

டாக்டர் சிரிக்கவில்லை. "எந்தக் கம்பெனியும் எடுக்காதப்பா. சோத்தைக் குறை. இனிப்பைத் தொடாதே. மாசம் தவறாம வந்து காட்டு."

இவ்வளவுக்கும் பிறகு சுப்பண்ணனாவது கையெழுத்துப் போட்டிருக்கலாம். "எனக்குத்தான் ஒண்ணுமில்லைன்னு ஆயிப்போச்சே, அப்பறம் எதுக்குங்க இன்சூரன்சு?" என்று சந்தோஷமாக வண்டியேறிவிட்டார். வரதராஜுலுவிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புவித்தபோது அவர் விரலில் எடுத்த பொடியை மூக்குக்குக் கொண்டுபோகவே மறந்துவிட்டார். மெட்ராஸ் ஹெட் ஆபீசுக்கு எழுதினால் தன் மானமும் சேர்ந்து போகும் என்பதால் எழுதவில்லை. "மாசக் கடைசிக்குள்ள பத்தாவது உயிர் வரணும். அதுவும் சொந்த மூத்திரத்தோட" என்று மட்டும் சொன்னார்.

பக்கத்தில் மாமன்மார் தீர்ந்துவிட்டார்கள். கதை பரவி, இவன் சைக்கிளைக் கண்டாலே ஜனங்கள் சிரித்தார்கள். கடைசியில் கதை எட்டாத தூரமாகப் பார்த்து வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினான். அங்கே செங்கோடன் என்கிற மாட்டு வியாபாரியைப் பிடித்து, பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தான். அவர் கொட்டாவி விட்டார். அவர் மனைவி காளியாத்தாள் காப்பி கொண்டு வந்தாள்.

"சக்கர இல்லாம இருந்தா கொடுங்கம்மணி" என்றான் திருமூர்த்தி.

"ஏனுங்க, எங்கூட்டுச் சக்கர ஆகாதுங்களா?"

அவள் முகம் சுண்டிப்போனதைப் பார்த்து, வேறு வழியில்லாமல் தன் வியாதியைச் சொன்னான். செங்கோடனின் கொட்டாவி பாதியில் நின்றது. "அப்ப நீங்க உங்க பேர்ல எவ்வளவுக்குப் போட்டிருக்கறீங்க?" என்று கேட்டார்.

"எனக்குக் குடுக்க மாட்டேன்னுட்டாங்க."

"பணங் கட்டறேன்னாலுமா?"

"கட்டறேன்னாலுமுங்க."

"ஊட்டுல யாரு இருக்கறாங்க?"

"அம்மா மட்டுமுங்க. அண்ணன் தனிக் குடித்தனமுங்க."

செங்கோடன் மனைவியைப் பார்த்தார். வாசலில் விளையாடிக்கொண்டிருந்த பெண்பிள்ளைகள் இரண்டையும் பார்த்தார். "எங்க கையெழுத்துப் போடோணும், காட்டுங்க" என்றார். டாக்டரிடம் வந்து, சீசாவையும் கேள்வி கேட்காமல் நிரப்பிக் கொடுத்தார். எல்லாம் சுத்தம்.

வேலை நிரந்தரமாயிற்று. வரதராஜுலு கைகுலுக்கினார், ஆபீசுக்கே ஜிலேபி வாங்கினார், அதை இவன் முன்னால் நீட்டிவிட்டு ஞாபகம் வந்து பின்னால் இழுத்துக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். திருமூர்த்திதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். அதன் பிறகு அந்த ஜில்லாவில் அவனைப்போல உயிர் சேர்த்தவர்கள் கிடையாது. உனக்குப் பாலிசி கிடையாது என்று கம்பெனியே சொல்லிவிட்ட ஆள் நான் என்று ஆரம்பிப்பான், எதிரில் இருப்பவர் பேனாவைத் தேடுவார்.

ஆனால் அன்றைக்கு ஜிலேபி முடிந்து ஜவுளிக்கடைப் படி இறங்கும்போது அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. செங்கோடன் மேல் பொறாமையாக வந்தது. கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த அந்த மனுஷன் எவ்வளவு சுலபமாக ஒரே கையெழுத்தில் வாங்கிக்கொண்டு போய்விட்டார்! ஆறு மாதமாக வீடு வீடாகக் கெஞ்சி அவன் விற்றதை இப்போது அவனே கெஞ்சி வாங்கத் தயாராக இருந்தான். கொடுக்கத்தான் ஆளில்லை.